பதினாறு பேறும் பிள்ளைக் கணக்கும்



விவாகமான தம்பதிகளைப் பெரியோர்கள் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று ஆசீர்வதிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தப் பதினாறு, பதினாறு பிள்ளைகள் அல்ல. கல்வி, புகழ், நோயின்மை, ஆயுள் முதலிய பேறுகளைக் குறித்த சொல் அது. நன்மக்கள் என்பது அவற்றுள் ஒன்று மாத்திரமே. ஆனால் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு திருமண வைபவத்தில், அப்போது முதலமைச்சராயிருந்த திரு. மு. க. ஸ்டாலின், பாராளுமன்றத் தொகுதிகள் குறையுமென்றால் பதினாறு பிள்ளைகளையே பெற்றாலென்ன என்று தோன்றுகிறதாக வேடிக்கையாய்ப் பேசினார். அடுத்த மாதமே ஆந்திர சட்டசபை, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்கள் ஊராட்சித் தேர்தலில் நிற்கக்கூடாதென்றிருந்த விதியை நீக்கியது. சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் வரைந்து "நாமிருவர் நமக்கிருவர்" என்று போதித்த தேசம் இது!

ஜனங்களுக்குப் பக்தி குறைந்தது, சுகபோகம் மிஞ்சியது, ஆகையால் தொட்டில்கள் வெறுமையாயின என்று சொல்வார் உண்டு. கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் ஆயுளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 1971இல் 3.9, 2020இல் 1.4. ஜனத்தொகை நாளடைவில் குறையாதிருக்க 2.1 வேண்டும். இந்தியா முழுவதிலும் மதவாரியாக எடுத்த கணக்கைப் பாருங்கள். 1992-93க்கும் 2019-21க்கும் இடையில் இந்துக்களிடத்தில் 3.3 என்றிருந்தது 1.9 ஆயிற்று, முஸ்லிம்களிடத்தில் 4.4 என்றிருந்தது 2.4, நம் கிறிஸ்தவர்களிடத்தில் 2.9 என்றிருந்தது 1.9. அதிகமாய் இறங்கியது, எவர்கள் இறங்கமாட்டார்கள் என்று பலர் வம்பு பேசினார்களோ அவர்களிடத்திலேதான். பாப்பரசரின் ஆசனத்தைச் சுற்றியுள்ள இத்தாலியிலும் 2023இல் 1.2தான்.

பின்னே காரணம் யாது? 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோனதாகக் கடிதம் எழுதினார். அக்காலத்தில் பிறப்பும் மிகுதி, குழந்தை மரணமும் மிகுதி. அவ்வளவு தூரம் போவானேன்? 1971இல்கூடத் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் சிசுக்களில் நூற்றுக்கு மேல் ஒரு வயது நிறையுமுன் மரித்தன. 2020இல் அது 13. ஐந்து பெற்று இரண்டைக் கல்லறைக்குக் கொடுத்த பாட்டிமாரைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. பிழைக்குமென்ற நிச்சயம் வந்தபின் தாய்மார் குறைவாகப் பெற்றார்கள்.

இன்னொன்று, அந்நாளில் பிள்ளை என்றால் வீட்டுக்கு வரவு. நம் ஜில்லாவின் கோவில்பட்டிப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய சிறுமிகளின் விரல்கள் தீக்குச்சி அடுக்கிக் கூலி கொண்டுவந்தன. 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன. 1986இல் குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டம் வந்தது. வரவாயிருந்த பிள்ளை செலவானது. படித்த பெண் தாமதமாக விவாகம் செய்தாள். கணவனோடு பேசி முடிவெடுக்கக் கற்றாள். சிவப்பு முக்கோணத்தைவிட இந்த நற்காரியங்களே தொட்டிலை அதிகமாய்க் குறைத்தன என்பது நம் எண்ணம். இவற்றில் எதைத் தவறென்று சொல்ல முடியும்?

ஆனால் பிரசாரமும் சும்மா இருக்கவில்லை. அவசரநிலைக் காலமாகிய 1976-77இல் தேசத்தில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன, பலவந்தமும் நடந்தது. தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி, விவாகமான பெண்களில் சுமார் 58 சதவீதம் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. பாரத்தை யார்மீது சுமத்தினோம் என்று புருஷர்கள் யோசிக்கட்டும்.

திருச்சபையின் போதனை இதிலே இரு முனையுள்ளது. ஆறாம் சின்னப்பர் 1968 ஜூலையில் வெளியிட்ட நிருபம் செயற்கைத் தடைகளை விலக்கிற்று. இது பலருக்குத் தெரியும். பிள்ளைகள் எத்தனை என்பதைத் தம்பதிகளே சர்வேசுரன் சந்நிதியில் தீர்மானிக்க வேண்டுமென்று 1965இல் வத்திக்கான் சங்கம் போதித்ததோ அநேகருக்குத் தெரியாது. ஆகையால் குறைத்துப் பெறு என்று வற்புறுத்தவும் ராஜாங்கத்துக்கு அதிகாரமில்லை, தொகுதிக்காகக் கூட்டிப் பெறு என்று வற்புறுத்தவும் இல்லை. பங்குக் குருவானவருக்கும் இல்லை. ஒற்றைப் பிள்ளையோடு பூசைக்கு வரும் தாயைப் பார்த்து "இன்னும் ஒன்று இல்லையா?" என்று கோவில் வாசலில் கேட்கும் பெரியம்மாக்களுக்கும் இல்லை. அவள் எத்தனை கருவை இழந்தாளோ, யாருக்குத் தெரியும்?

2021 ஜூலையில் கேரளத்துப் பாலா மேற்றிராசனம், 2000க்குப் பின் விவாகமாகி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக அறிவித்தது. ஏழைக் குடும்பத்துக்கு உதவி செய்வது புண்ணியமே. ஆனால் பணத்தைக் காட்டிப் பிள்ளை பெறச் செய்யலாமென்பது நடவாத காரியம். தென் கொரிய அரசாங்கம் இதற்காகப் பெருந்தொகை செலவிட்டும் 2023இல் அங்கே 0.72தான். வேலை நிலைக்குமா, வாடகை கொடுக்க முடியுமா, பிரசவத்துக்குப் பின் அதே வேலைக்குத் திரும்ப முடியுமா, குழந்தையை யார் பார்ப்பார் என்பவையே வாலிபத் தம்பதிகளின் கேள்விகள்.

நம் கவலை வேறிடத்தில் இருக்கவேண்டும். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். ஒரே மகன் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, கிழவனும் கிழவியும் பூட்டிய தெருவில் தனித்திருக்கிறார்கள். நம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் எடுத்த முதுமக்கள் தாழிகளைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு: சாகாமல் சுருங்கிப்போன முதியவர்களை, கொஞ்சம் சோறும் தண்ணீரும் வைத்து, உயிரோடு தாழிக்குள் இறக்கிவிட்டார்களாம். வெறும் கதைதான், அவை இறந்தோரை அடக்கம் செய்த தாழிகளே. இருந்தாலும் மூன்று வேளைச் சாப்பாட்டை டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கும் முதியவர்களைப் பார்க்கும்போது அந்தக் கதை நினைவுக்கு வருகிறது.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், தனியாய் வாழும் முதியவர்களின் பெயரையும், வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள முன்வரும் பெண்களின் பெயரையும் எழுதிக்கொள்ள உபதேசியார் அறைவீட்டுத் திண்ணையில் இருப்பார்.