நாய்க் காப்பகம்: நம்புவதும் நடப்பதும்

"அங்கெல்லாம் போனா மனசு தாங்காதுங்க." நாய்க் காப்பகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் இதுதான். சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரக்கமுள்ளவர்கள். ஆனால் வர வேண்டியவர்களே வராமல் போவதற்கும் இந்த வார்த்தைதான் காரணமாகிறது.

காப்பகம் என்றால் நாய்கள் சாவுக்குக் காத்துக் கிடக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் அங்கே நடப்பதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி வேலை. அடிபட்ட காலுக்குக் கட்டு, சொறிக்கு மருந்துக் குளியல், உண்ணிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை, கருத்தடை அறுவை. சில நாய்களின் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். அது யாரோ செய்த கொடுமையல்ல. கருத்தடையின்போது மயக்கத்தில் இருக்கையிலேயே போடும் அடையாளம். சென்னை புளூ கிராஸ் விலங்குநல அமைப்பின் கதையும் இப்படிக் காப்பாற்றும் வேலையில்தான் தொடங்கியது. 1959-இல் தியாகராய நகர் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை கேப்டன் வி. சுந்தரம் தூக்கி வந்தார். 1964-இல் அது ஓர் அமைப்பானது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யலாம் என்று அந்த அமைப்பு பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்து, 1996-இல்தான் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. தேறிய தெருநாயை அதன் தெருவிலேயே விடுவதுதான் மத்திய அரசின் 2001 கருத்தடை விதிகளிலும் 2023 விதிகளிலும் உள்ள பொது நடைமுறை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆக, பெரும்பாலான தெருநாய்களுக்குத் திரும்பிப் போக ஒரு தெரு இருக்கிறது. போக்கிடம் இல்லாமல் கூண்டிலேயே தங்கிவிடுவது, வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய். நம் தவறான நம்பிக்கைகளும் அதைச் சுற்றித்தான் அதிகம்.

முதலாவது, "வெளியே விட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்பது. வீடு மாற்றும்போது பைபாஸ் ஓரத்திலும் கோயில் வாசலிலும் மீன் மார்க்கெட் பக்கத்திலும் நாயை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். தெருவில் பிறந்த நாய்க்குத் தாயும் கூட்டமும் ஆண்டுக்கணக்கில் கற்றுத் தந்திருக்கின்றன: எந்தக் கடையில் மிச்சம் விழும், எந்த நேரத்தில் சாலையைக் கடக்கலாம், எந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்று. தட்டில் சாப்பிட்டு வளர்ந்த லேப்ரடாருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. புதிதாக வந்த நாயை அந்தத் தெருவின் கூட்டம் சுற்றிவளைத்துக் கடிக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாயின் நிலை இன்னும் மோசம். நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதங்களில்தான் முக்கியமாக உண்டு. உடம்புச் சூட்டை அது மூச்சிரைத்துத்தான் இறக்க வேண்டும். அந்த மூக்கை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் அதற்கு முடியாது. 2003-இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக்கைப் பார்த்துவிட்டு வீடு வீடாக அந்த இனத்தை வாங்கினோம். எத்தனை பேர் அதன் மூச்சைப் பற்றி விசாரித்தோம்?

பட்டினியும் தாகமும் நேரும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை அது. ஒரு தடுப்பூசியின் விலைகூட இல்லாத இந்தத் தண்டனைக்கு யார் பயப்படுவார்கள்? இதைத் திருத்தாமல் கைவிடுதல் குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கூட்டம் தெருவில் விடுவதில்லை; "காப்பகத்தில் விட்டால் நம்மைவிட நல்லாப் பாத்துப்பாங்க" என்று கொண்டுவந்து கொடுக்கிறது. அங்கே இருப்பவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் உழைக்கிறார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான நாய்களுக்கு நடுவே ஒன்றுக்குக் கிடைக்கும் கவனிப்பு எத்தனை நிமிடம்? கூண்டுகளில் எழும் குரைப்புச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடும். நம் காதைவிடக் கூர்மையான காதுடன், கட்டிலடியில் படுத்துத் தூங்கிய நாய் இரவு பகலாக அதற்குள் இருக்கிறது. பல நாய்கள் முதல் சில நாட்கள் தட்டைத் தொடுவதே இல்லை. வந்து பார்ப்பவர்கள் அதைப் பார்த்து "நோய் நாய்" என்கிறார்கள். கம்பியில் பாய்ந்து குரைப்பதை "கடிக்கிற நாய்" என்கிறார்கள். இரண்டுமே அனேகமாகப் பயத்தின் வெளிப்பாடுதான். அந்த நாயின் உண்மையான குணம் கூண்டுக்கு வெளியே, அமைதியான ஓரிடத்தில்தான் தெரியும்.

குணம் கெட்டதால்தான் விட்டிருப்பார்கள் என்ற சந்தேகமும் இதோடு ஒட்டி வருகிறது. அமெரிக்காவில் 1990-களில் 12 காப்பகங்களில் நாயை ஒப்படைத்தவர்களிடம் காரணம் கேட்டார்கள். முதலிடத்தில் வந்தது வீடு மாறுவது. வீட்டுக்காரர் அனுமதிக்காதது, செலவு, நேரமின்மை ஆகியவையும் முன்வரிசையில் இருந்தன. நம் ஊரில் கேட்டாலும் காதில் விழுவது இவைதான். கூடவே கல்யாணம், பிரசவம், ஜோசியர் சொன்ன ஒரு வார்த்தை.

"குட்டியாக வாங்கினால்தான் ஒட்டும், வளர்ந்த நாய் நம்மை ஏற்காது" என்பது, தத்து கொடுப்பதற்கே தடையாக நிற்கும் நம்பிக்கை. ஹங்கேரியில் மார்த்தா காச்சி என்ற ஆய்வாளர் குழுவினருடன் இதையே காப்பகத்து நாய்களிடம் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் மட்டும் நாயுடன் விளையாடிப் பழகினார். அவ்வளவுதான். வளர்ந்த அந்த நாய்கள் அவர் வெளியே போய்த் திரும்பியதும் அவரையே நாடி வந்தன. பழகாத நாய்களிடம் இந்த நாட்டம் அவ்வளவாகத் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு மனிதரைத் தன்னவராக்கிக்கொள்ளும் உயிரைப் பார்த்து "இது ஒட்டாது" என்று சொல்வது பெரிய அநியாயம்.

அடுத்தது சாப்பாடு. பிறந்தநாள், திவசம், தேய்பிறை அஷ்டமி என்றால் பைரவரை நினைத்துக்கொண்டு காப்பகத்துக்கு அண்டாவில் சாப்பாடு கொண்டுபோவது நம் வழக்கம். எண்ணம் நல்லது, அண்டாவுக்குள் இருப்பதுதான் சிக்கல். சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். அதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் முன்வைத்தார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு என்பதால் புளியோதரையும் வேண்டாம். பிரியாணியின் வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலில் குத்தும். நாம் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய பிறகு, வயிற்றுப்போக்கைக் கழுவுவது அங்கே வேலை செய்யும் பெண்கள்தான்.

நம் கையாலும் செருப்பாலும் ஆபத்து போகும் என்பது பலருக்குத் தெரியாது. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாக்கெட்டில் வைத்திருக்கும் ஆல்கஹால் சானிடைசருக்கு அது சாகாது. பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், நோய்வாய்ப்பட்ட நாயைத் தடவிவிட்டு அதே கையால் தடுப்பூசி போடாத குட்டியைத் தூக்கினால், அந்தக் குட்டியின் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் குட்டி இருந்தாலும் இதே கதைதான். ஊழியர் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

நாயின் பல்லோ நகமோ பட்டுவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி வழக்கொழிந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

போவதென்று முடிவு செய்தால், பார்வையாளர் நேரம் எது, என்ன தேவை என்று முன்னதாகவே போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் அரிசி, பழைய போர்வை, சாக்கு, செய்தித்தாள், மருந்துக்குப் பணம் என்பார்கள். எல்லாக் கூண்டுக்குள்ளும் கை விடாதீர்கள். யாருமே கேட்காத, வயதான ஒரு நாயைக் காட்டச் சொல்லி, அனுமதி வாங்கி, அதை வெளியே அழைத்துப்போய் அரை மணி நேரம் கூட இருங்கள். முடிந்தால் அடுத்த மாதமும் அதே நாயைப் பார்க்கப் போங்கள்.