மீண்டும் பிறந்த மரக்கலம்

நுழையும்முன்

பழுதுற்ற பொருளை விலக்கிவிடுவதா, செப்பனிட்டுக்கொள்வதா என்னும் வினா எல்லாக் கைத்தொழில்களிலும் எழுவதாகும். மக்கிக் கிடந்த சிறு மரக்கலத்தைத் தம் கைகளாலேயே புதுப்பித்து, அதில் தனியொருவராக உலகைச் சுற்றிவந்த மாலுமியின் உழைப்பை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வயலில் கிடந்த கலம்

கனடாவின் நோவா ஸ்கோசியாவில் 1844ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசுவா ஸ்லோக்கம். பாய்க்கப்பல் தலைவராகப் பல கடல்களைக் கண்டவர். நீராவிக் கப்பல்கள் பெருகியதால் பாய்க்கப்பல்களுக்கு வேலை அருகிய காலம் அது. 1892ஆம் ஆண்டில் நண்பர் ஒருவர் அவருக்குக் கப்பலொன்று தர முன்வந்தார். சிறிது பழுதுபார்க்க வேண்டும் என்றும் கூறினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபேர்ஹேவனுக்குச் சென்ற ஸ்லோக்கம், கரையில் ஒரு வயலின் நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தி, கித்தான் போர்த்தப்பட்டிருந்த ‘ஸ்ப்ரே’ என்னும் பழம்படகைக் கண்டார். அதை உடைத்தெடுக்கவே அவர் வந்துள்ளார் என ஊரார் கருதினர். புதுப்பிக்கப்போவதாக அவர் சொன்னதும், ‘இதனால் ஆதாயம் உண்டா?’ எனக் கேட்டனர்.

அடிமுதல் புதுமை

அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி, கலத்தின் முதுகெலும்பாகிய ஏராக்காலைச் செதுக்கினார். விலாச்சட்டங்களுக்கான மரங்களை நீராவியில் வேகவைத்து, இளகிய நிலையில் வளைத்துப் பொருத்தினார். முகப்பு மரத்திற்கும் உறுதியான ஓக்கையே தேர்ந்தார். பின்னாளில் கீலிங் தீவுகளில் பவளப்பாறை ஒன்றில் மோதியபோது, பிளந்தது பாறையே. முகப்பு மரத்தில் வடுவும் ஏற்படவில்லை.

ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள பைன் பலகைகளால் புறச்சுவர் எழுந்தது. பலகைகள் கூடும் முனைகளை ஆணியடித்து விட்டுவிடாமல், மரையாணிகளை ஊடுருவச் செலுத்தி இறுக்கினார். கலம் முழுவதிலும் ஏறத்தாழ ஆயிரம் மரையாணிகள் இடம்பெற்றன. ஆழ்கடலின் பேரலைகளை எண்ணி, பக்கச் சுவர்களின் உயரத்தையும் கூட்டினார்.

பலகை இடுக்குகளை அடைக்கும் பணியே பலரையும் ஐயுறச் செய்தது. ஸ்லோக்கம் முதலில் பருத்தி இழையை உளியால் அடித்துச் செலுத்தினார். அது நழுவிவிடும் என்றனர் கண்டோர். முன்பே திட்டமிட்டபடி, அதன்மேல் சணல் நாரையும் வைத்து இறுக்கினார். பருத்தி நழுவவில்லை. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுக்க, அடிப்பகுதியில் செம்பு கலந்த வண்ணம் இருமுறை பூசப்பட்டது.

பழைய உறுப்புகள் ஒவ்வொன்றாக நீங்கப் புதியவை இடம்பெற்றன. பழைய ஸ்ப்ரே எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது எனச் சொல்ல இயலாத நிலை. பெயர் மட்டும் மாறவில்லை. பொருள்களுக்கான செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு 13 மாதங்கள்.

கடலிலும் தொடர்ந்த பணி

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து ஸ்ப்ரே புறப்பட்டது. கலத்தைச் செம்மையாக்கும் பணி அத்துடன் நிற்கவில்லை. தென் அமெரிக்கத் தென்முனையின் கடுங்காற்றை எதிர்நோக்கி, புவனஸ் அயர்ஸில் பாய்மரத்தின் உயரத்தை ஏழு அடி குறைத்தார். மெகல்லன் நீரிணையில் கலத்தின் பின்புறம் மற்றொரு சிறு பாய்மரத்தை நிறுத்தினார். சுக்கானைக் கட்டிவிட்டாலும் ஸ்ப்ரே திசை மாறாது சென்றது. தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள்வரையிலான 23 நாள் பயணத்தில், அவர் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் மூன்று மணிக்கும் குறைவே.

ஏறத்தாழ 46,000 மைல் கடந்து, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். உலகைத் தனியே பாய்க்கலத்தில் சுற்றிய முதல் மனிதர் அவரே. பேரலைகளிடையே அவர் துணிந்து உறங்கியது தம் கைவேலையின்மீது கொண்ட நம்பிக்கையால் அன்றோ! ஆதாயம் உண்டா எனக் கேட்டோருக்குக் கடலே விடையளித்தது.

தெரியுமா?

முழுப் படகை ஏற்றத் தளத்தில் இடமில்லாமையால், பழைய மீன்பிடிப் படகொன்றைக் குறுக்கே அறுத்து, வெட்டிய முனையைப் பலகையால் அடைத்து ஸ்லோக்கம் எடுத்துச் சென்றார். அந்த அரைப்படகே அவருக்குத் துணி துவைக்கும் தொட்டியாகவும் குளியல் தொட்டியாகவும் பயன்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. ஸ்லோக்கம் செய்த ஒவ்வொரு சீரமைப்பும் கடலின் எந்த இடரை எதிர்கொள்ள உதவியது என அட்டவணைப்படுத்துக.
2. ‘உறுப்புகள் அனைத்தும் மாறிய பின்னும் அது பழைய ஸ்ப்ரேதானா?’ – வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.