விளிம்புக்குத்தான் கூலி

ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது. பிளவுஸ் ஆர்டர் குறைந்து, மதியத்துக்கு மேல் மெஷின் சும்மா நிற்கும். அந்த ஒரு மாதத்தை அப்ளிக் பழக ஒதுக்குங்கள் என்று என்னிடம் தையல் கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வதுண்டு. ஒரு துணியை உருவமாக வெட்டி இன்னொரு துணியின்மேல் வைத்துத் தைப்பதுதான் அப்ளிக். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேரில் தொங்குகிற தொம்பை அப்ளிக் வேலைதான். ஒடிசாவில் பிப்பிலி ஊர்க்காரர்கள் பூரி ஜகந்நாதர் தேருக்குத் தைக்கும் மேல்விதானமும் அதேதான். இரண்டு துணிக்கு நடுவே வாடிங் என்கிற பஞ்சுப்பாளத்தை வைத்துத் தைக்கும் குவில்ட்டில் இந்த வேலையை மெஷினிலேயே செய்ய ஓர் எளிய வழி இருக்கிறது. அதற்கு வேண்டியது ஃப்யூசிபிள் வெப்.

கடையில் கேட்கும்போது பலர் இதைக் காலர் கேன்வாஸ் என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கேன்வாஸ் துணிக்கு விறைப்பு தருவதற்காக ஒரு பக்கம் மட்டும் பசை பூசியது. ஃப்யூசிபிள் வெப்பில் துணியே இல்லை. ஒரு தாளின்மேல் மெல்லிய பசைப்படலம் மட்டும் இருக்கும். சூடு பட்டால் இளகி, இரண்டு பக்கத் துணியையும் பிடித்துக்கொள்ளும். ஹீட் என் பாண்ட் பிராண்டில் வாங்கினால் ‘லைட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘அல்ட்ரா ஹோல்ட்’ தைக்காமலே ஒட்டுவதற்கானது. அதன்மேல் தைத்தால் ஊசியில் பசை ஏறி, நூல் அறுந்து, தையல் விட்டுவிட்டு விழும். முதல் நாளே மெஷின்மேல் வெறுப்பு வரக் காரணம் பெரும்பாலும் இந்தத் தவறான பாக்கெட்தான்.

வேலை நடக்கும் வரிசை இதுதான். தாள் பக்கத்தில் உருவத்தை வரைந்து, கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டவேண்டும். அதைத் துணியின் உள்பக்கத்தில் வைத்து அயர்ன் பண்ணி, ஆறியபின் கோட்டின்மேலேயே வெட்டவேண்டும். பிறகு தாளை உரித்து, அடித்துணியில் வைத்து மறுபடி அயர்ன். தாள் உரிய மறுத்தால் நகத்தால் ஓரத்தைச் சுரண்டாதீர்கள், ஓரம் பிசிறிவிடும். தாளின் நடுவில் குண்டூசியால் ஒரு கீறல் போட்டால் அங்கிருந்து சுலபமாகப் பிரியும்.

அயர்ன் பாக்ஸைத் தேய்க்கக்கூடாது. வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்கவேண்டும். தேய்த்தால் துண்டு நகரும். எத்தனை விநாடி, ஆவி வேண்டுமா வேண்டாமா என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும், பாக்கெட்டில் இருக்கும். நன்றாக ஒட்டட்டும் என்று கூடுதல் நேரம் சூடு காட்டுகிறவர்கள் உண்டு. அளவு மீறினால் பசை துணிக்குள் இறங்கிப் பிடிப்பு விட்டுப்போகும். துணியை முன்கூட்டியே அலசிக் காயவைத்து எடுங்கள், சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும். அலசும்போது கம்ஃபர்ட் மாதிரி எதையும் சேர்க்கவேண்டாம். அந்த வழவழப்பு துணியில் தங்கினால் பசை ஏறாது.

இனி எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு. பசை துணியின் உள்பக்கத்தில் ஒட்டுவதால், தாளில் வரைந்தது வெளியே இடவலம் மாறித்தான் தெரியும். பூ, இலை என்றால் பாதகமில்லை. எழுத்து என்றால் வம்பு. ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்காக ‘யாழினி’ என்று வெட்டி ஒட்டினேன். ஆறட்டும் என்று விட்டுத் திரும்பிவந்து பார்த்தால், ழகரத்தின் வால் எதிர்ப்பக்கம் சுழித்து நிற்கிறது. அயர்ன் பண்ணியாகிவிட்டது, உரிக்க வழியில்லை. மஞ்சள் பாப்ளின் அரை மீட்டர் வீண். விழாவுக்கு ஒரு நாள்தான் பாக்கி. இரவு உட்கார்ந்து முழுவதையும் மறுபடி வெட்டினேன். நம் எழுத்துகளில் ‘ப’ மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பவை மிகக் குறைவு. எழுத்தை முதலில் டிரேசிங் பேப்பரில் நேராக எழுதுங்கள். அதைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் பசைத்தாளைப் பிடித்து வரையுங்கள். இப்போதெல்லாம் நான் தாளின் மூலையில் ‘திருப்பியாச்சு’ என்று எழுதிவைத்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒட்டும் வேலை, ஒரு வாரத்தில் வந்துவிடும். இதில் யாரும் உங்களுக்குக் கூலி தரப்போவதில்லை. பசை துணியைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். துவைக்கத் துவைக்க ஓரம் எழும்பும், நூல் பிரியும். அதைத் தடுப்பது விளிம்பில் ஓடும் தையல். பணம் கொடுக்கிறவர் கண் போவதும் அங்கேதான். அதனால் மீதி மூன்று வாரத்தையும் விளிம்புக்கே கொடுங்கள்.

புது மெஷின் வாங்கவேண்டுமா என்று கேட்பார்கள். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கால்மெஷின் இருந்தாலே தொடங்கலாம். விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே சிறு தையலாக ஒரு சுற்று ஓட்டினால் போதும். துவைத்த பிறகு ஓரத்தில் லேசாக நூல் பூக்கும், அதை அழகு என்று விரும்பிக் கேட்கிறவர்களும் உண்டு. புடவைக்கு பிக்கோ அடிக்கிற ஜிக்ஜாக் மெஷின் கடையில் இருந்தால் இன்னும் நல்லது. அகலம் இரண்டரை மில்லிமீட்டர், தையல் நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைத்தால், நூலோடு நூல் நெருங்கி சாட்டின் தையல் விழும். மேல்நூல் டென்ஷனை ஒரு புள்ளி தளர்த்துங்கள். பாபின் நூல் மேலே எட்டிப்பார்க்காது. அடியில் எம்ப்ராய்டரிக்காரர்கள் வைக்கும் பேப்பரை வையுங்கள், இல்லாவிட்டால் துணி சுருங்கி மேடு தட்டும். ஊசி 11 அல்லது 12 நம்பர், புதியதாக இருக்கட்டும்.

பழகுவதற்கு மூன்று உருவங்கள் போதும்: இலை, இதயம், நட்சத்திரம். வெளிவளைவு, உள்வளைவு, கூர்முனை, உள்மடிப்பு எல்லாம் இவற்றிலேயே வந்துவிடும். இதயத்தை மட்டும் இங்கே கிட்டப்போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பாதிப் பாடம் அதற்குள்தான் இருக்கிறது.

உருவம் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். தையலைக் கூர்முனையில் தொடங்காமல் பக்கவாட்டில், ஓரளவு நேராக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். ஊசி இடப்பக்கம் போகும்போது உருவத்தில் இறங்கவேண்டும். வலப்பக்கம் வரும்போது விளிம்பை ஒட்டி அடித்துணியில் இறங்கவேண்டும். மேலே வெளிவளைவு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். ஊசி அடித்துணியில் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியை ஒரு மயிரிழை திருப்பி, நாலு தையல் போட்டு, மறுபடி நிறுத்தித் திருப்புங்கள். ஊசி உள்ளே உருவத்தில் இருக்கும்போது திருப்பினால் வெளிப்பக்கம் விசிறி மாதிரி இடைவெளி விழும். உள்வளைவில் இதற்கு நேர்மாறு, ஊசி உருவத்தில் இருக்கும்போதுதான் திருப்பவேண்டும். இதயத்தின் மேல்பள்ளத்துக்கு வந்ததும் அங்கேயே நிற்கக்கூடாது. தையல் அகலம் எவ்வளவோ அவ்வளவு உருவத்துக்குள் தாண்டிப் போய், ஊசியை உருவத்திலேயே நிறுத்தித் திருப்புங்கள். கீழ்க்கூர்முனையில், முனை முடிந்து ஊசி அடித்துணியில் இறங்கிய பிறகு திருப்புங்கள். முடிக்கும்போது ரிவர்ஸ் அடிக்கவேண்டாம், அந்த இடம் தடித்துவிடும். நூலை நீளமாக விட்டு வெட்டி, அடிப்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

என்னிடம் பழகிய ஒரு பெண் இருபத்தைந்து இதயம் தைத்துவிட்டு, “அக்கா, பள்ளம் மட்டும் இன்னும் கட்டியா நிக்குது” என்றாள். அவள் கையைப் பார்த்தேன். நிறுத்தும்போது காலை மிதிபலகையிலிருந்து எடுத்துவிட்டு, ஊசியை எங்கே நின்றதோ அங்கேயே விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தாள். “கடைசி ரெண்டு குத்தை வீல்ல கைய வச்சுப் போடும்மா” என்றேன். அன்று சாயங்காலமே பள்ளம் சரியாக விழுந்தது. வேகத்தை நம்பி வளர்ந்த பிளவுஸ் கைக்கு இந்த ஒன்று மட்டும் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

இன்னொரு குறை, “துணி அட்டை மாதிரி விறைக்குது.” பெரிய உருவமாக இருந்தால் பசைத்தாளின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் கால் அங்குலப் பட்டையை மட்டும் விடுங்கள். ஓரம் ஒட்டும், நடு மெத்தென்று இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகத் துண்டுகள் வரும் இடத்தில் கீழ்த்துண்டை மேல்துண்டுக்கு அடியில் கால் அங்குலம் நுழையவிடுங்கள், இடையில் சந்து தெரியாது. கறுப்பின்மேல் வெள்ளை வைத்தால் அடிநிறம் தெரியும். வெள்ளைக்கு அடியில் இன்னொரு வெள்ளை போடவேண்டும். பாலியஸ்டரிலும் சரிகையிலும் முதலில் ஒரு வெட்டுத்துண்டில் சூடு பார்த்துவிட்டே தொடருங்கள்.

இனி வேலைவாய்ப்பு. கரூரில் படுக்கைவிரிப்பு, மெத்தை உறை, சமையலறைத் துணிகள் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. திருப்பூரில் குழந்தைகள் பனியன்களில் அப்ளிக் வருகிறது. மொத்த ஆர்டர் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினில் ஓடினாலும், சாம்பிள் பிரிவில் ஒவ்வொன்றாகச் செய்துகாட்ட அனுபவமுள்ள கை தேவைப்படும். ஊரிலேயே இருக்க விரும்பினால் குழந்தை பெயர் போட்ட விரிப்பு, பள்ளி ஆண்டுவிழா பேனர், தேவாலயப் பீடத்துணி, குஷன் உறை என்று ஆர்டர் பிடிக்கலாம். குழந்தை விரிப்பு கொடுக்கும்போது தாயிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: தரையில் விளையாட, சுவரில் மாட்ட இது நல்லது, ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் போர்த்தவோ பக்கத்தில் வைக்கவோ வேண்டாம், மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. அதேபோல் மணி, பட்டன் எதுவும் தைக்காதீர்கள். கார்ட்டூன் பட உருவங்களை வெட்டி விற்காதீர்கள், அவை கம்பெனிகளின் சொத்து. யானை, மயில், ஆட்டோ, இட்லித் தட்டு என்று நீங்களே வரைந்தால் அது உங்கள் அடையாளம் ஆகும்.

விலை சொல்வதில்தான் நம் பெண்கள் மிகவும் நஷ்டப்படுகிறார்கள். “சும்மா ஒட்டித் தைக்கிறதுதானே” என்று எதிரில் இருப்பவர் சொன்னதும் பாதி குறைத்துவிடுகிறார்கள். கணக்கு வைத்துப் பேசுங்கள். ஒரு விரிப்பில் 12 துண்டு. வரைய, ஒட்ட, வெட்ட, விளிம்பு தைக்க ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 4 மணி நேரம். வாடிங் வைத்துக் குவில்ட் தைத்து, ஓரப்பட்டி கட்ட இன்னும் 3 மணி. மணிக்கு 100 ரூபாய் என்றே வைத்தாலும் கூலி மட்டும் 700. துணி, வாடிங், பசைத்தாள், நூல் அதன்மேல் தனி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் பைபிள் கதைகளை அப்ளிக் உருவங்களாக வெட்டி ஒரு குவில்ட் செய்தார். கைத்தையலும் மெஷின் தையலும் கலந்தது. 1886இல் அதே மாநிலத்தின் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது, பார்த்த ஓர் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் மறுத்துவிட்டார். சில வருடம் கழித்துக் குடும்பம் நொடித்தபோது அவரே 10 டாலர் கேட்டு, கடைசியில் 5 டாலருக்குக் கொடுத்தார். அந்தக் குவில்ட் இன்று ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடை வாசலில் பேரம் நடக்கும்போதெல்லாம் அந்த 5 டாலர் எனக்கு நினைவுக்கு வந்து மனம் கனக்கும்.

மாதக் கடைசியில் ஒரு சாம்பிள் நோட்டு தயார் செய்யுங்கள். ஆறு அங்குலச் சதுரங்களில் இலை, இதயம், நட்சத்திரம், இரண்டு தமிழ் எழுத்து, ஒரு பெரிய உருவம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துணி, பசைத்தாள், தையல் அகலம், நீளம், ஊசி நம்பர் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு செய்து, ஒன்றை மூன்று தடவை துவைத்துக் காயவைத்து அதே பக்கத்தில் ஒட்டுங்கள். சாம்பிள் பிரிவுக்கு வேலை கேட்டுப் போகும்போது இதை எடுத்துப்போங்கள். அனுபவமுள்ள சூப்பர்வைசர் முகப்பை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சதுரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். அங்கே பாபின் நூல் ஒரே சீராக ஓடி, முடிச்சுகள் நறுக்கி, பேப்பர் சுத்தமாகக் கிழித்து எடுத்திருக்கட்டும்.