‘வேண்டும்’ எத்தனை வேண்டும்

தமிழில் ‘செய்ய வேண்டும்’ என்று சொன்னால் கட்டளை, விதி, அறிவுரை எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது அவற்றைப் பிரித்தாக வேண்டும்.

முதலில், கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சொல்பவரே வலியுறுத்தினால் ‘மஸ்ட்’. ஆபீஸ் நேரம், சட்டம் என்று வெளியிலிருந்து வந்தால் ‘ஹேவ் டு’. பேச்சில் இந்த எல்லை அவ்வளவு கறார் இல்லை. குழப்பமாக இருந்தால் ‘ஹேவ் டு’ போடுங்கள், பெரும்பாலும் பொருந்தும். செய்தால் நல்லது என்ற அளவில் இருந்தால் ‘ஷுட்’. மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய பாடம்: 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தின்படி, ‘மஸ்ட்’ என்றால் விலக்கே இல்லை, ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் விலகலாம்.

அடுத்தது எதிர்மறை. பலரும் சறுக்குவது இங்கேதான். ‘ஹேவ் டு’வும் ‘மஸ்ட்’டும் கிட்டத்தட்ட ஒன்று என்று படித்திருப்போம், ‘நாட்’ சேர்ந்ததும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விடும். உதாரணத்துக்கு, டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது. அந்த மருந்து உடலில் சேர்வதைப் பால் குறைத்துவிடும். இந்தத் தடையைச் சொல்ல ‘யூ மஸ்ட் நாட் டேக் இட் வித் மில்க்’. ‘யூ டோன்ட் ஹேவ் டு’ என்று எழுதினால், பால் கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் குடிக்கலாம் என்று நோயாளி எடுத்துக்கொள்வார். எழுதும் முன் தமிழில் கேட்டுப் பாருங்கள்: ‘கூடாது’ என்றால் ‘மஸ்ட் நாட்’, ‘தேவையில்லை’ என்றால் ‘டோன்ட் ஹேவ் டு’.

இறந்தகாலக் கட்டாயத்துக்கு ‘மஸ்ட்’ உதவாது, ‘ஹேட் டு’தான். ‘நேற்று போக வேண்டியிருந்தது’: ‘ஐ ஹேட் டு கோ எஸ்டர்டே’. ஆனால் ‘அவர் சொல்லியிருக்க வேண்டும்’ என்பது தமிழிலேயே இரண்டு பொருள் தரும். ‘சொல்லியிருப்பார்’ என்று மாற்ற முடிந்தால் அது ஊகம்: ‘ஹி மஸ்ட் ஹேவ் டோல்ட் தெம்’. ‘சொல்லியிருக்கலாமே’ என்ற குறை தொனித்தால் ‘ஹி ஷுட் ஹேவ் டோல்ட் தெம்’.

கடைசியாக, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். மேலாளருக்கு ‘யூ மஸ்ட் அப்ரூவ் மை லீவ்’ என்று அனுப்பினால் இலக்கணம் சரி, லீவு கிடைப்பதுதான் சந்தேகம். ‘குட் யூ ப்ளீஸ்’ என்று தொடங்குங்கள். கல்யாணத்துக்கு அழைக்கும்போது மட்டும் தயங்காமல் ‘யூ மஸ்ட் கம்’ என்றே எழுதலாம். ‘கட்டாயம் வரணும்’ என்று நாம் சொல்வதில் உள்ள அதே உரிமை அதிலும் உண்டு.