1,299 ரூபாய் ட்ரைபாட், 11,798 ரூபாய் செலவு

முதல்ல என் கணக்கைச் சொல்லிடறேன், அப்புறம் பாடத்துக்குப் போகலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கினேன். கையில இருந்த காசு அதுக்கே சரியாப் போச்சு. ட்ரைபாட் தானே, மூணு கால் ஸ்டாண்டு, அதுல என்ன இருக்குன்னு 1,299 ரூபாய்க்கு ஒண்ணு ஆர்டர் போட்டேன். தைப்பூசத்தன்னைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போனேன். தெப்பம் அந்தப் பக்கம் சுத்திப் போற நேரத்துல மைய மண்டபத்தையும் தண்ணியில விழுற வெளிச்சத்தையும் 4 விநாடி எக்ஸ்போஷர்ல எடுக்கணும்னு திட்டம். நாப்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, நாப்பதுலயும் ஒவ்வொரு பல்பும் ரெண்டு பல்பாத் தெரியுது. அடுத்த தெப்பத்துக்கு அடுத்த தை வரைக்கும் காத்திருக்கணும்.

அடுத்து 2,499 ரூபாய்க்கு ஒண்ணு. திருமங்கலம் பக்கம் ஒரு காதணி விழாவுக்கு 4,000 ரூபாய் பேசி வீடியோ எடுக்கப் போனேன். மேடையைப் பார்த்து ஃப்ரேம் வச்சுட்டு, மொய் எழுதற இடத்துல கொஞ்ச நேரம் நின்னேன். திரும்பி வந்து பார்த்தா கேமரா மெதுவாத் தலை கவுந்து, ஃப்ரேம்ல பாதி மேடைக் கம்பளம்தான் இருக்கு. சம்பளத்துல 1,500 ரூபாயைத் திருப்பிக் குடுத்தேன். தாய்மாமன் சீர் வர்ற நேரம் அது. அவங்களுக்கு நான் 4,000 ரூபாயையும் குடுத்திருந்தாலும் பத்தாது.

மூணாவதா 6,500 ரூபாய்க்கு வாங்கினது இன்னைக்கும் ஓடுது. 1,299 + 2,499 + 6,500 = 10,298. திருப்பிக் குடுத்த 1,500-ஐயும் சேர்த்தா 11,798. முதல்லயே 6,500 போட்டிருந்தா 5,298 ரூபாய் மிச்சம். அப்போ என் சம்பளத்துக்கு அது ஒரு மாச வாடகை.

முதல்ல, உங்களுக்கு இது தேவையா?

வீட்டு ரூமுக்குள்ள போனை வச்சு ரீல்ஸ் எடுக்கறதுக்கும், ஒரே இடத்துல உக்காந்து பேசறதுக்கும் பெரிய ஸ்டாண்டு வேண்டாம். போன் 200 கிராம் சொச்சம். ஃபேனை ஆஃப் பண்ணிட்டா 1,000 ரூபாய் ஸ்டாண்டே போதும். இதுக்குப் போய் 6,500 போடறது வீண் செலவுன்னுதான் சொல்வேன்.

எங்கெல்லாம் வைக்க முடியும்னும் யோசிங்க. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள 2018-ல இருந்து செல்போனுக்கே தடை. கீழக்குயில்குடி சமணர் மலை மாதிரி மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கிற இடங்கள்ல கையில பிடிச்சு எடுக்கறது வேற, ட்ரைபாட் வைக்கறது வேற. ரெண்டாவதுக்கு முன் அனுமதி வாங்கணும். கோயில், கோட்டைன்னு மட்டும் திட்டம் வச்சிருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடியே இதை விசாரிச்சுடுங்க. ராத்திரி வெளிச்சம், சாமநத்தம் கண்மாய்ப் பறவைகள், அரிட்டாபட்டி மலையில கழுகு, வைரி, இல்லைன்னா ஞாயித்துக்கிழமை விசேஷ வீட்டு வேலை, இந்த மாதிரி இருந்தா உறுதியான ட்ரைபாட் கட்டாயம் வேணும்.

பெட்டி மேல இருக்கிற நம்பரை நம்பாதீங்க

"5 கிலோ தாங்கும்"னு பெட்டியில போட்டிருக்கும். இந்த எடையை எப்படிச் சோதிக்கணும்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க முறையில சொல்றதுதான். அதுவும் உடையாம தாங்கற எடையைத்தான் பெரும்பாலும் சொல்றாங்க. நமக்கு வேண்டியது ஆடாம தாங்கறது. கேனான் 1500டி பாடி கிட்டத்தட்ட 475 கிராம், அதோட 55-250 லென்ஸ் 400 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. மொத்தமே ஒரு கிலோ வராது. என் முதல் ஸ்டாண்டுல "3 கிலோ"ன்னு போட்டிருந்துச்சு. அது கீழ விழல, உடையவும் இல்ல. ஆடுச்சு, அவ்வளவுதான். பெட்டியில இருக்கிற எடை உங்க கேமரா-லென்ஸ் எடையைப் போல மூணு மடங்காவது இருக்கணும்னு வச்சுக்கங்க. அதையும் ஒரு முதல் வடிகட்டியா மட்டும் பாருங்க.

ஆட்டத்துக்குக் காரணம் காலோட தடிமன்தான். சுவர் கனம் ஒண்ணா இருக்கிற ரெண்டு குழாயை எடுத்துக்கிட்டா, வளையாம நிக்கற பலம் விட்டத்தோட மும்மடிக்கு ஏத்தபடி கூடும். கடைசித் துண்டு 16 மி.மீ. இருக்கிறதுக்கும் 19 மி.மீ. இருக்கிறதுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா 19 மி.மீ. குழாய் ஒண்ணரை மடங்குக்கும் மேல விறைப்பா நிக்கும். கால் மடக்கி வைக்க நாலு, அஞ்சு துண்டா இருந்தா பைக்குள்ள அழகா அடங்கும், ஆனா கடைசித் துண்டு பென்சில் மாதிரி ஆயிடும். நம்ம பட்ஜெட்டுக்கு மூணு துண்டு கால்தான் நல்லது. டூ வீலர்ல கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கும், பரவாயில்ல.

நடுத்தண்டு இன்னொரு ஏமாத்து. "65 இஞ்ச் உயரம்"னு எழுதியிருப்பாங்க, அதுல ஒரு அடி நடுத்தண்டை ஏத்தினா வர்ற உயரம். அதை ஏத்தின உடனே மூணு கால் மேல ஒத்தைக் குச்சியை நட்டு, அது மேல கேமராவை வச்ச கதை ஆயிடும். நடுத்தண்டை ஏத்தாமலே கேமரா உங்க நெஞ்சுக்கு மேல வந்துச்சுன்னா போதும்.

மேல இருக்கிற ஹெட்டும் காலும் தனித்தனியாக் கழட்டற மாதிரி இருக்கணும். காலுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல 3/8 இஞ்ச் திருகு, கேமரா அடியில 1/4 இஞ்ச் திருகு. உலகம் முழுக்க இதே அளவுதான். அதனால இன்னைக்குக் காலுக்கு நல்லா செலவு பண்ணிட்டு, ஹெட்டை ரெண்டு வருஷம் கழிச்சு மாத்திக்கலாம். நான் காலுக்கு 4,300, ஹெட்டுக்கு 2,200-ன்னு பிரிச்சேன். பிளேட் ஆர்கா-ஸ்விஸ் வகையா இருந்தா நல்லது. தொலைஞ்சா எங்க வேணும்னாலும் வேற கிடைக்கும். (நான் மூணு தொலைச்சிருக்கேன்.)

கடையில அஞ்சு நிமிஷம்

ஆன்லைன்ல ரேட்டைப் பார்த்துக்கங்க. வாங்கறதுக்கு முன்னாடி டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு எட்டு போய், உங்க கேமராவை உங்க நீள லென்ஸோட வச்சுப் பாருங்க. காலை முழுசா நீட்டி, தலையில ரெண்டு கையையும் வச்சு அமுக்குங்க, அப்புறம் திருகிப் பாருங்க. திருகும்போது நெளிஞ்சா வேண்டாம். அடுத்து லென்ஸை முழுசா ஜூம் பண்ணி, லைவ் வியூல 10 மடங்கு பெருசாக்கி, ஒரு காலை விரலால லேசாச் சுண்டி விடுங்க. திரையில படம் ஆடி நிக்க எத்தனை விநாடி ஆகுதுன்னு எண்ணுங்க. ரெண்டு, மூணு மாடலை இப்படிச் சுண்டிப் பார்த்தாலே விலை வித்தியாசம் எதுக்குன்னு தெரிஞ்சுடும். கடைசியா, ஹெட்டை 30 டிகிரி சாய்ச்சுப் பூட்டிட்டு, கடைக்காரர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேச்சுக் குடுங்க. ஃப்ரேம் இறங்கியிருந்தா அதை அங்கயே வச்சுட்டு வந்துடுங்க. காதணி விழாவுல நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

திருகுப் பூட்டா, கிளிப் பூட்டான்னா, நான் கிளிப் பக்கம். வைகை மணல் திருகுக்குள்ள போனா நறநறன்னு அரைக்கும். கிளிப் தளர்ந்தா பெரும்பாலும் ஒரு ஆலன் கீ போதும்.

காசு எங்கேர்ந்து?

6,500-ஐ நோ காஸ்ட் இஎம்ஐ-ல போடலாமேன்னு தோணும். 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டிங்கற ஒண்ணே கிடையாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்ப நடக்கறது, வட்டி அளவுக்கு முன்னாடியே தள்ளுபடி காட்டிட்டு, வங்கி வட்டி போடறது. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில. உதாரணத்துக்கு 16 சதவீத வட்டி, ஆறு மாசம்னு வச்சா ஜிஎஸ்டி மட்டும் 50 ரூபாய் சொச்சம். 199 ரூபாய் பிராசஸிங் கட்டணம் இருந்தா அதுவும் ஜிஎஸ்டியோட 235 ஆகும். மொத்தம் 290 ரூபாய்க்குக் கிட்ட. தொகை சின்னதுதான், ஆனா 6,500-க்குக் கூட கடன் வாங்கற பழக்கம் வந்துடுச்சுன்னா அடுத்தது லென்ஸ், அதுக்கடுத்தது ட்ரோன்.

மாசம் 1,100 தனியா எடுத்து வைங்க, ஆறு மாசத்துல 6,600. நடுவுல ஒரு நாள் அவசியப்பட்டா வாடகைக்கு எடுங்க. நான் ஒரு நாளைக்கு 200 குடுத்திருக்கேன். வருஷத்துக்கு நாலு தடவைதான் தேவைன்னா வாங்கவே வேண்டாம், 800 ரூபாயோட முடிஞ்சுது.

செகண்ட் ஹேண்ட்ல பயப்படாம வாங்கற பொருள்னா அது ட்ரைபாட்தான். பேட்டரி இல்ல, சென்சார் இல்ல, மேல சொன்ன அமுக்கு, சுண்டு, சாய் மூணையும் பண்ணிப் பார்த்தா எல்லாக் குறையும் வெளிய வந்துடும். பிளேட் கூட இருக்கான்னு மட்டும் கேளுங்க. இன்னொரு குறுக்கு வழி: கட்டட வேலை இடத்துல லெவல் பார்க்க வைக்கிற சர்வே ஸ்டாண்டு. அதுல 5/8 இஞ்ச் திருகு இருக்கும், 3/8-க்கு மாத்தற அடாப்டர் போட்டா நம்ம ஹெட்டு உக்காரும். பழசா ஒண்ணு கிடைச்சா விடாதீங்க, பாறை மாதிரி நிக்கும். நாலஞ்சு கிலோ கனம்ங்கறதால பஸ்ல தூக்கிட்டுப் போறவங்களுக்கு ஆகாது.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்ற ஊர் நம்மளது. யானைமலை அடிவாரத்துல நின்னா எந்த ட்ரைபாடும் கொஞ்சம் ஆடும். ஒரு மஞ்சப்பையில ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு போட்டு நடுத்தண்டு கொக்கியில மாட்டுங்க, 4 கிலோ செலவில்லாமக் கூடிடும். பை அந்தரத்துல ஊஞ்சல் ஆடினா இன்னும் மோசம், அதனால அடி தரையைத் தொடற மாதிரி கயித்தை நீட்டிக் கட்டுங்க. லென்ஸ்ல ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணி, 2 விநாடி டைமர் வச்சுட்டுக் கையை எடுத்துடுங்க. போன தைப்பூசத்துக்குத் தெப்பக்குளத்துல நான் பண்ணினது இதேதான், பல்பு ஒவ்வொண்ணும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.