தொட்டால் போதாது, கடிக்க வேண்டும்!
(நங்கூரம் போடுவது பற்றி ஒரு பாடம்)



போன பொங்கல் லீவில் நான் ஒரு தப்பு செய்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்கலாம். எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

மாமாவின் சின்ன ஃபைபர் படகில் நான், தங்கச்சி, மாமா மூணு பேரும் தூண்டில் போடப் போனோம். நம்ம புதுக்கோட்டை மாவட்டக் கடலில் கரையை விட்டு ரொம்ப தூரம் போனாலும் ஆழம் குறைவுதான். 2 மீட்டர் தண்ணீர் உள்ள இடத்தில் மாமா என்னை நங்கூரம் போடச் சொன்னார். நீளக் கயிற்றைத் திரும்ப இழுக்கச் சோம்பேறித்தனம். 6 மீட்டர் விட்டுக் கட்டிவிட்டேன். இவ்வளவு ஆழத்துக்கு இது போதாதா என்று நினைத்தேன்.

முதலில் படகு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கடல் ஏறியது, வாடைக்காற்றும் கூடியது. தூண்டிலையே பார்த்துக்கொண்டு இருந்தோம். தங்கச்சிதான் "அண்ணே, அந்தப் போட்டு பக்கத்துல வருது" என்றாள். வந்தது அது இல்லை, நாங்கள்தான்! விசைப்படகு போய்வரும் தடத்துக்குள் எங்கள் படகு நகர்ந்திருந்தது. மாமா இஞ்சின் கயிற்றை மூணு தடவை இழுத்தும் பிடிக்கவில்லை. நாலாவது தடவைதான் பிடித்தது. தங்கச்சிக்கு நீச்சல் தெரியாது. அந்த மூணு தடவையை என்னால் மறக்க முடியவில்லை.

"எவ்வளவுடா கயிறு விட்ட?" என்றார் மாமா.

"தரையைத் தொட்டுருச்சே மாமா" என்றேன்.

"தொட்டா போதுமாடா? கடிக்கணும்டா!"

ஏன் கடிக்கவில்லை?

நங்கூரம் கனத்தால் மட்டும் படகை நிறுத்துவதில்லை. அதன் கொக்கி சேற்றிலோ மணலிலோ புதைந்து பிடிப்பதால்தான் நிறுத்துகிறது. கயிறு படுத்தவாக்கில் இழுத்தால் கொக்கி இன்னும் உள்ளே போகும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இதை நம்ம பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் போட்டுப் பார்த்தேன்.

தண்ணீர் ஆழம் = 2 மீ
தண்ணீரிலிருந்து அணியத்தின் உயரம் = ½ மீ
கடல் ஏறியது = ½ மீ
மொத்தம் = 3 மீ
நான் விட்ட கயிறு = 6 மீ

காற்றில் கயிறு விறைத்து நின்றால் சைன் மதிப்பு 3/6 = 1/2. அதாவது 30° கோணம்! இது படகைப் பிடிக்கிற கோணம் இல்லை, நங்கூரத்தைப் பிடுங்குகிற கோணம். அதே இடத்தில் 7 மடங்கு, அதாவது 21 மீட்டர் விட்டிருந்தால் கோணம் சுமார் 8°தான். காற்று இல்லாத நாளில் 5 மடங்கு போதும். காற்று இருந்தால் 7 மடங்கு வேண்டும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் 2, 3 மீட்டர் இரும்புச் சங்கிலி கோத்தால் அதன் கனம் இழுப்பைத் தரையோடு வைத்திருக்கும்.

போடும் முறை

1. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழத்தை அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து நம்பக் கூடாது.

2. சேறு, மணல் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். பாறையில் நங்கூரம் சிக்கிக்கொள்ளும். கடற்புல்லில் கொக்கி மண்ணுக்குள் போகாது, புல்லும் வேரோடு வரும். அந்தப் புல்தான் கடற்பசுவுக்குச் சாப்பாடு. 2022-இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அது நம்ம கடல்!

3. படகை காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்தி, நங்கூரத்தை மெதுவாக இறக்க வேண்டும். வீசி எறிந்தால் கயிறு கொக்கியில் சுற்றிக்கொள்ளும். கயிற்றுச் சுருளுக்குள் கால் இருக்கக் கூடாது.

4. படகு பின்னால் போகப் போகக் கயிறு விட்டு, கடைசியில் அணியத்தில் கட்ட வேண்டும். அமரத்தில் மட்டும் கட்டவே கூடாது. அங்கே இஞ்சின் கனம் இருக்கிறது, உயரமும் குறைவு. அலை உள்ளே ஏறிப் படகு மூழ்கிவிடும்.

5. கட்டியதும் இஞ்சினைப் பின்பக்கமாக மெதுவாக ஓட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். நகரவில்லை என்றால் கடித்துவிட்டது.

6. கரையில் ஒரே நேர்கோட்டில் தெரிகிற இரண்டு பொருளை (ஒரு பனைமரம், அதற்குப் பின்னால் ஒரு கோபுரம்) அடையாளம் வைக்க வேண்டும். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. காற்று மாறினால் படகு கொஞ்சம் சுற்றும், அது சரி. காற்று மாறாமலே ஜோடி விலகிக்கொண்டே போனால் நங்கூரம் நழுவுகிறது என்று அர்த்தம்.

7. நீளக் கயிற்றில் படகு வட்டமாகச் சுற்றும். அந்த வட்டத்துக்குள் வேறு படகோ வலையோ இருக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், உயிர்காப்பு அங்கி. ஆழம் குறைவு என்று அன்று நாங்கள் யாரும் போடவில்லை. இப்போது தங்கச்சி அங்கி போட்ட பிறகுதான் படகு கரையை விட்டுக் கிளம்பும். நங்கூரக் கயிறு விடுவது இப்பவும் என் வேலைதான். மாமா வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு மீட்டர் எண்ணித்தான் விடுகிறேன்.

யோசித்துப் பாருங்கள்: தண்ணீர் 1½ மீ, அணியம் ½ மீ, கடல் ஏற்றம் ½ மீ. காற்று அடிக்கிறது. எத்தனை மீட்டர் கயிறு விடுவீர்கள்? (விடை அடுத்த இதழில்)



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்