மூச்சுத் தொல்லை உள்ள வீட்டுக்கு ஏர் பியூரிஃபையர்

1. முதலில் வீட்டுக்குள் எழும் புகையை நிறுத்துங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள்களைக் கக்குகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வீசிங் உள்ள பிள்ளை தூங்கும் அறையில் சுருளையும் கொளுத்தி, மெஷினையும் ஓட்டிப் பயனில்லை. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் அந்த அறைக்கு வேண்டாம்.

2. ஃபில்டரில் 'ஹெப்பா டைப்' என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். 'எச்13 ஹெப்பா' என்று தெளிவாக இருக்கட்டும். மிக நுண்ணிய துகள்களில்கூட 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் தரம்.

3. விலையைவிட முக்கியம் 'சிஏடிஆர்'. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பதைச் சொல்லும் எண் இது. 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி. சுமார் 34 கன மீட்டர். அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்டப்பட்டால் நல்லது. 34 x 5 = 170. ஆனால் பெட்டியில் போட்டிருப்பது முழு வேகத்துக்கான எண். இரவில் சத்தத்துக்குப் பயந்து வேகத்தைக் குறைப்போம், எண்ணும் இறங்கிவிடும். எனவே மணிக்கு 250 கன மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள்.

4. ஓசோன் வெளியிடும் கருவி எதுவும் வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அயனைசரும் ஓசோனை உண்டாக்கலாம்; அந்தப் பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள்.

5. மாற்று ஃபில்டர் என்ன விலை, நம் ஊரில் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

6. புது மெஷினைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் பெரும்பாலும் பாலிதீன் உறைக்குள்தான் வரும். உறையைப் பிரிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. விளக்கு எரியும், காற்றும் வரும், வடிகட்டல் மட்டும் நடக்காது.

7. ஹாலைவிடப் படுக்கையறையே சரியான இடம். சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓரடி தள்ளி வைத்து, ஓடும்போது கதவு ஜன்னலைச் சாத்துங்கள். வெளிக்காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் மெஷினை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நாம் விடும் கரியமில வாயுவை இது வெளியேற்றாது.

8. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மலா? மெத்தையைக் கவனியுங்கள். டஸ்ட் மைட் என்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் கழிவு காற்றில் அதிக நேரம் மிதக்காது. மெத்தையிலும் தலையணையிலும் படிந்துவிடும். மெஷின் அதை உறிஞ்சாது. வாரம் ஒருமுறை விரிப்பு, உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

9. முன்னால் இருக்கும் வலை போன்ற ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டி, கழுவி, நிழலில் காயவையுங்கள். ஹெப்பாவில் தண்ணீர் படக்கூடாது.

10. மெஷின் வந்துவிட்டது என்று இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

11. போகி, தீபாவளிக்கு முதல் நாள் இரவே ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, முழு வேகத்தில் ஓட்டுங்கள். பண்டிகை முடிந்ததும் ஹெப்பாவை வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புகள் கறுத்திருந்தால், 'மாற்று' விளக்கு எரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பல மெஷின்களில் அந்த விளக்கு ஓடிய மணிகளை மட்டுமே எண்ணுகிறது.